அமெரிக்கக் குடியுரிமை விண்ணப்பத்தில் முகவரி இடைவெளி: ஊரில் இருந்த மாதங்களை எப்படிக் காட்டுவது?

வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மூன்று மாதம் நாகர்கோவிலில் அம்மா வீட்டில் இருந்து, திரும்பிப் போய் வேறு வீடு பிடித்தவர்களுக்கு வரும் கேள்வி இது. குடியுரிமைக்கான விண்ணப்பப் படிவமான என்-400 கடந்த 5 ஆண்டில் வசித்த இடங்களையெல்லாம் தேதியோடு கேட்கும்; நடுவில் எந்த முகவரியும் இல்லாத நாட்கள்தான் இடைவெளி. அந்த நாட்களுக்கு நாகர்கோவில் முகவரியையே எழுதுங்கள், பயணப் பகுதியிலும் அதே தேதிகள் வரட்டும். வாடகை கொடுத்து வீட்டை வைத்திருந்தால் பழைய முகவரியே தொடரும்.

தொடர்ந்து அமெரிக்காவில் வசித்தீர்களா என்று அதிகாரி பார்ப்பதால்தான் இவ்வளவு விவரம். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் கணக்கு நோட்டில் வெட்டாத நாளுக்கும் 'மழை' என்று எழுதி வைத்தால் பிறகு சந்தேகம் வராதே, அதுபோல.

ஊர் முகவரியை எழுதினாலே விண்ணப்பம் போய்விடும் என்று பலர் மறைக்கிறார்கள், அது தவறு; 6 மாதத்துக்குக் குறைவான பயணம் பொதுவாகத் தொடர் வசிப்பை முறிக்காது.