கலிபோர்னியாவில் பெரிய டிராவல் டிரெய்லரை இழுக்கத் தனி உரிமம் வேண்டுமா?

வண்டிக்குப் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீடுதான் டிராவல் டிரெய்லர். கலிபோர்னியாவில் அதன் எடை வரம்பு 10,000 பவுண்டுவரை (சுமார் 4,536 கிலோ) இருந்தால் சாதாரண ‘சி’ வகை கார் உரிமமே போதும். தாண்டினால் வணிகமல்லாத ‘ஏ’ வகை உரிமம் வேண்டும்.

பிக்கப் லாரியின் பின்தட்டில் கொக்கி மாட்டி இழுக்கும் ‘ஃபிஃப்த் வீல்’ வகை டிரெய்லருக்கு மட்டும் ஒரு சலுகை: ‘சி’ உரிமத்தில் கூடுதல் அனுமதி பெற்றால் 15,000 பவுண்டுவரை இழுக்கலாம், கூலிக்கு அல்லாமல். நியாயமான சலுகைதான். அதன் கொக்கி பிக்கப்பின் பின் அச்சுக்கு மேலேயே அமர்வதால் ஆட்டம் குறைவு. மற்றவற்றில் கொக்கி பம்பருக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும்; பக்கக் காற்றடித்தால் டிரெய்லர் வண்டியின் வாலையே ஆட்டிவிடும். குடத்தை இடுப்பில் வைத்து நடப்பதற்கும் கையை நீட்டிப் பிடித்து நடப்பதற்கும் உள்ள வேறுபாடு.

காலி டிரெய்லரை எடைபோட்டு, வரம்புக்குள் இருப்பதாக நிம்மதி அடைபவர்கள் உண்டு. ஆனால் கணக்கில் வருவது தண்ணீர், எரிவாயு, சாமான் எல்லாம் சேர்த்து அது தாங்கும் என்று தயாரிப்பாளர் லேபிளில் அச்சிட்ட உச்ச எடை.