நீல இன்ஹேலர் மட்டும் போதுமா?

கேள்வி: வயது 34, ஆஸ்துமா. தினமும் இரு வேளை ஸ்டீராய்டு இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார் டாக்டர். பயந்து நிறுத்திவிட்டேன். இழுப்பு வந்தால் நீல இன்ஹேலர் அடித்துக்கொள்கிறேன். டாக்டரிடம் சொன்னால் திட்டுவாரோ? – வாசகி, திண்டுக்கல்

பதில்: திட்டினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். மறைத்தால், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிவிடுவார்.

நீல இன்ஹேலரில் இருக்கும் சால்பியூட்டமால், சுருங்கிய மூச்சுக்குழாயைச் சில மணி நேரம் விரிக்கும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் அழற்சி அப்படியே இருக்கும். அதனால்தான் பெரியவர்களுக்கு அதை மட்டும் தனியாகத் தர வேண்டாம் என்று 2019 முதல் ‘ஜினா’ என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டி சொல்கிறது. ஸ்டீராய்டு பயமா? மாத்திரையில் மில்லிகிராம் கணக்கு. இன்ஹேலரில் மைக்ரோகிராம் கணக்கு; ஒரு மைக்ரோகிராம் என்பது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வாய்ப்புண், குரல் கம்மல் வரலாம். இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

தினமும் முடியாது என்றால், லேசான ஆஸ்துமாவுக்கு புடசோனைடு (ஸ்டீராய்டு), ஃபார்மோடெரால் (மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து) இரண்டும் கலந்த இன்ஹேலரைத் தேவைப்படும்போது மட்டும் இழுக்கும் முறையும் உண்டு. உங்களுக்கு ஒத்துவருமா என்று கேளுங்கள். அவர் முடிவு செய்யத் தகவல் வேண்டுமே: கடந்த 4 வாரத்தில் எத்தனை இரவு இருமி எழுந்தீர்கள், எத்தனை முறை நீல இன்ஹேலர் அடித்தீர்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள்.

இன்ஹேலரையும், அதோடு பொருத்தும் குழாயான ஸ்பேசரையும் எடுத்துப் போய் அவர் முன்னால் இழுத்துக் காட்டுங்கள். குலுக்காமல் அடிப்பது, ஸ்பேசருக்குள் இரண்டு பஃப் சேர்த்து அடிப்பது, 10 விநாடி மூச்சை அடக்காமல் விடுவது எல்லாம் அங்கேதான் பிடிபடும். மூச்சு முட்டினால் என்ன செய்வது என்பதையும் தாளில் எழுதி வாங்குங்கள். ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டால் யோசிக்காமல் 108.