1992 கோப்பைப் படத்தில் லவுட்ரப் இருக்கிறாரா, இல்லையா?

வணக்கம். பள்ளிப் பேச்சுக்காக உங்கள் மகள் டென்மார்க் கால்பந்து வீரர் மைக்கேல் லவுட்ரப்பைத் தேர்ந்தெடுத்திருப்பதும், 1992 ஐரோப்பியக் கோப்பையை வென்ற டென்மார்க் அணிப் படத்தில் அவரைக் காணாமல் நீங்கள் தேடுவதும் புரிகிறது. தேட வேண்டாம், அந்த அணியில் அவர் இல்லை. படத்தில் இருக்கும் லவுட்ரப் அவருடைய தம்பி பிரையன்.

பயிற்சியாளர் மோலர் நீல்சனின் ஆட்ட முறை பிடிக்காமல் 1990-இல் அண்ணன், தம்பி இருவருமே தேசிய அணியிலிருந்து விலகினார்கள். தம்பி திரும்பி வந்தார், அண்ணன் 1993-இல்தான் வந்தார். இடையில், போட்டியிலிருந்து யூகோஸ்லாவியா நீக்கப்பட்டதால் கடைசி நேரத்தில் வாய்ப்புப் பெற்ற டென்மார்க் கோப்பையையே வென்றுவிட்டது. எனக்கு இன்றும் மனம் வலிக்கும் விஷயம் இது.

இருந்தும் மக்கள் அவரைக் கைவிடவில்லை. 2006-இல் டென்மார்க் கால்பந்துச் சங்கம் அவரையே நாட்டின் தலைசிறந்த வீரராக அறிவித்தது. பேச்சில் இதை அவசியம் சேருங்கள்: 1991 முதல் 1994 வரை ஸ்பெயின் கிளப்பான பார்சிலோனாவுடன் 4 ஸ்பானிஷ் லீக் பட்டங்கள், நேராகப் பரம எதிரியான ரியல் மாட்ரிட்டுக்குப் போய் 1995-இல் ஐந்தாவது. 1994 ஜனவரியில் பார்சிலோனா மாட்ரிட்டை 5-0 என வென்றபோது பார்சிலோனா பக்கம் ஆடினார். மறு ஜனவரியில் மாட்ரிட் பார்சிலோனாவை அதே 5-0 என வென்றபோது மாட்ரிட் பக்கம்!

கோல் எண்ணிக்கையை முதன்மையாக்க வேண்டாம். ஒரு பக்கம் பார்த்தபடி மறுபக்கம் பந்தைத் தள்ளுவாரே, அந்தக் காட்சியை மகளுக்குப் போட்டுக் காட்டுங்கள்.