என்.பி.ஐ.ன்னா கதிர்வீச்சு இல்லீங்க

கோபியிலிருந்து கேட்ட தம்பிக்கு: எண்டோஸ்கோப்பில (வாய்வழியா விளக்கு வெச்ச குழாய் விட்டுப் பார்க்கறது) அய்யனுக்கு உணவுக்குழாயில சிவப்புத் திட்டு, "என்.பி.ஐ. வெச்சு மறுபடி பார்க்கணும்"னு டாக்டர் சொன்னதும் கதிர்வீச்சோன்னு பயந்துட்டீங்க. என்.பி.ஐ.ங்கறது 'நேரோ பேண்ட் இமேஜிங்', வெறும் வெளிச்சந்தானுங்க. அந்தக் குழாயில வெள்ளை விளக்குக்குப் பதிலா 415 நானோமீட்டர் நீலம், 540 பச்சை மட்டும் விடுவாங்க. ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபின் அதை உறிஞ்சறதால உள்சவ்வோட நுண்குழாய்கள் பழுப்பா எடுப்பாத் தெரியும். புற்று தொடங்கினா அந்தப் பின்னல் உருமாறும்.

சில டாக்டருங்க லூகால் அயோடின்ங்கற சாயத்தையும் உள்ள தெளிப்பாங்க. நல்ல இடம் பழுப்பேறும், சந்தேகமான இடம் சாயம் ஏறாம வெளுப்பா நிக்கும். நெஞ்சு கொஞ்சம் எரியலாம். அயோடின் ஒவ்வாமை, தைராய்டு இருந்தா முன்னாடியே சொல்லிப்போடுங்க.

என்ன பார்த்தாலும் முடிவு பயாப்ஸிலதான் (சின்னத் துணுக்கு சதை எடுத்துச் சோதிக்கறது). 30 வருசமாப் புகையிலை போடறாருன்னு எழுதியிருக்கீங்களே, அறுவடை முடியட்டும்னு தள்ளாதீங்க. ஈரோடோ கோவையோ, எங்க போனாலும் பழைய எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டு, படம் ரெண்டும் கையில இருக்கட்டும்.