வேலை போனதை வீட்டில் சொல்லவில்லை

கேள்வி: அக்கா, எனக்கு 41 வயது. பதினொரு வருஷம் ஒரே கம்பெனியில் இருந்தேன். ஆறு வாரத்துக்கு முன்னால் ஆட்குறைப்பு என்று சொல்லி, மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. வழக்கம்போலப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு இருட்டியதும் திரும்புகிறேன். புத்தகத்தை விரித்தால் ஒரு பக்கம்கூட ஓடவில்லை. ஒன்றாம் தேதி அந்தப் பணத்திலிருந்தே சம்பளம் மாதிரி மனைவி கணக்குக்கு அனுப்பினேன். மேற்செலவைக் கிரெடிட் கார்டில் போட்டுக் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுகிறேன். வீட்டுக் கடனும் இருக்கிறது. மிச்சப் பணத்தை அதில் கட்டிவிடலாமா? ராத்திரி தூக்கமில்லை. வேறு வேலை கிடைத்த பிறகு வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன், சரிதானா?

பதில்: தம்பி, இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இதை நான் அந்தப் பக்கத்தில் நின்றவளாகச் சொல்கிறேன். பல வருஷம் முன்னால் என் கணவருக்கும் வேலை போனது, இரண்டு மாதம் எனக்குத் தெரியாது. அதற்குள் ஒரு நாள், வாஷிங் மெஷின் அடிக்கடி நின்றுபோகிறதே, தவணையில் புதுசு வாங்கிடலாமா என்று கேட்டேன். தம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே "வாங்கிக்கோ" என்றார். விஷயம் தெரிந்தபோது வேலை போனதற்காக எனக்குத் துளியும் கோபம் வரவில்லை, அந்த "வாங்கிக்கோ"வுக்குத்தான் வந்தது. தெரிந்திருந்தால் கேட்டிருக்கவே மாட்டேனே, என்னை ஒன்றும் தெரியாதவளாக உட்கார வைத்துவிட்டு இந்த மனுஷன் தனியாகக் கிடந்து தவித்திருக்கிறாரே என்று அன்று ராத்திரி முழுக்க அழுதேன்.

பணக் கணக்கைப் பாருங்கள். உங்களிடம் மிச்சம் இரண்டு மாதச் சம்பளம். நீங்கள் மறைக்கிற வரை வீடு பழைய செலவிலேயேதான் ஓடும், ஏனென்றால் குறைக்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. இருவரும் உட்கார்ந்து பத்தில் நாலு பங்கு செலவை நிறுத்த முடிந்தால் அதே பணம் மூன்று மாதத்துக்கு மேல் வரும். ஒரு மாதத்துக்கும் மேலே கூடுதல் அவகாசம், யாரிடமும் கை நீட்டாமல்!

வீட்டுக் கடனில் இப்போது மொத்தமாகப் போடவேண்டாம். போட்ட பணம் பொதுவாகத் திரும்பி வராது, அடுத்த மாதத் தவணை மட்டும் தவறாமல் வந்து நிற்கும். கிரெடிட் கார்டு விஷயம் வேறு. மாதம் 3 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொண்டால் நூறாக இருக்கும் கடன் கட்டாமல் விட்டால் ஒரு வருஷத்தில் 142-ஐத் தாண்டிவிடும், குறைந்தபட்சத் தொகை அந்த வட்டிக்கே பெரும்பாலும் சரியாகப் போகும். அந்தக் கார்டு கடனை முதலில் கட்டி முடியுங்கள், முடித்துவிட்டு கார்டை அலமாரியில் வையுங்கள். மருத்துவக் காப்பீட்டை மட்டும் நிறுத்தாதீர்கள். இந்த நேரத்தில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் குடும்பம் தாங்காது.

ஒரு பக்கம்கூட ஓடவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். 1930-களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவில் மரியன்தால் என்ற சிற்றூரில் துணி ஆலை மூடி ஏறக்குறைய ஊரே வேலை இழந்தது. மரீ யஹோடா என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் அங்கே போய் ஆராய்ந்தார்கள். நேரம் கொட்டிக் கிடந்தும் ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஆண்களின் நடைகூட மெதுவாகி, தெருவில் நின்று நின்று போனார்கள். உங்களுக்கு நடப்பதும் அதுதான், இதைச் சோம்பேறித்தனம் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். வேலை என்பது சம்பளத்தோடு சேர்த்து நாளுக்கு ஒரு வரிசையையும் கொடுக்கிறது, அது போனதும் மனசுக்குப் பிடி விட்டுப்போகிறது. காலையில் மூன்று மணி நேரம் விண்ணப்பம், போன், பயிற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள், மணி ஆனதும் மூடிவிடுங்கள். மத்தியானம் பிள்ளைகளுக்கோ வீட்டுக்கோ செய்கிற ஏதாவது ஒரு வேலை. நாள் முழுக்க தேடுகிறேன் என்று உட்கார்ந்தால் ஒவ்வொரு "வருந்துகிறோம்" மெயிலும் நெஞ்சில் வந்து குத்தும்.

இன்னொன்று, மறைத்து வைத்துக்கொண்டு வேலை தேட முடியாது தம்பி. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1970-களில் வெளியிட்ட ஆய்வுக்காக, தெரிந்தவர்கள் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் விசாரித்தபோது, தகவல் தந்தவர்களில் பெரும்பாலோர் நெருங்கிய நண்பர்களாக இல்லை, எப்போதோ ஒருமுறை பார்க்கிற ஆட்களாக இருந்தார்கள். பழைய சகா, கூடப் படித்தவர், முன்பு வேலை விஷயமாகப் பேசிய வாடிக்கையாளர், இவர்களுக்கெல்லாம் விஷயம் தெரிந்தால்தானே சொல்வார்கள்? "ஆட்குறைப்பில் வெளியே வந்தேன், இந்த மாதிரி வேலை தேடுகிறேன்" என்று இரண்டு வரி அனுப்பினால் போதும். கெஞ்ச வேண்டியதில்லை, நடந்ததில் உங்கள் தப்பு எதுவும் இல்லை.

தூக்கமின்மையும் சோர்வும் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும், உங்களுக்கோ ஆறு வாரம் ஆகிவிட்டது, இந்த வாரமே போங்கள். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு நொடி எட்டிப் பார்த்தாலும் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், டாக்டரிடமும் போங்கள்.

இன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு அந்தக் கம்பெனிக் கடிதத்தையும் கார்டு பில்லையும் மேஜைமேல் வைத்துவிட்டு, "எனக்கு வேலை போய் ஆறு வாரம் ஆச்சு, சொல்ல பயமா இருந்துச்சு" என்று ஆரம்பியுங்கள். அவர் கோபப்பட்டால் படட்டும், நடுவில் விளக்கம் சொல்லாமல் கேளுங்கள். பொய் சொல்லிவிட்டுக் கிளம்பிய அத்தனை காலைகளுக்கும் மன்னிப்புக் கேளுங்கள், வேலை போனதற்கு வேண்டாம். நாளைக்கு வங்கி திறந்ததும் இருவருமாகப் போய், தவணை தவறுவதற்கு முன்னாலேயே, காலத்தை நீட்டி மாதத் தொகையைக் குறைக்க முடியுமா என்று கேட்டுப்பாருங்கள். மொத்த வட்டி கூடத்தான் செய்யும், அது தெரிந்தே கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.