அம்மாவுக்கும் தங்கைக்கும் தானாகப் போய்விடாது

வணக்கம்.

எனக்கு 61 வயது. ஓய்வு பெற்ற ஆசிரியை. கணவர் இறந்து 19 வருடம் ஆகிறது, குழந்தைகள் இல்லை. என் சம்பளத்தில் கட்டிய வீட்டில் அம்மாவும், கல்யாணம் செய்துகொள்ளாத தங்கையும் என்னோடு இருக்கிறார்கள். உயில் எழுதலாமா என்று கேட்டதற்கு, "விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன பேச்சு இது?" என்று அம்மா அழுதுவிட்டார். எப்படியும் எனக்குப் பிறகு எல்லாம் இவர்களுக்குத்தானே, ஏன் அம்மாவை நோகடிக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். பேங்க் டெபாசிட்டுக்குத் தங்கையை நாமினியாகப் போட்டிருக்கிறேன். இது போதாதா?

வாசகி, கும்பகோணம்

அன்புள்ள டீச்சருக்கு,

போதாது. "எல்லாம் இவர்களுக்குத்தானே" என்று எழுதியிருக்கிறீர்களே, அது நடக்காது.

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. உயில் எழுதாமல் ஒரு பெண் இறந்தால், அவருடைய சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் போகும். அவர்கள் யாரும் இல்லையென்றால் கணவருடைய வாரிசுகளுக்கு. பெற்ற அம்மா அதற்கும் அடுத்த வரிசையில்தான் வருகிறார், தங்கை இன்னும் பின்னால். பெற்றோர் வழியாக வந்த சொத்துக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. நீங்கள் சம்பாதித்துக் கட்டிய வீட்டுக்கு அது கிடையாது.

2009இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கைப் படித்துவிட்டு அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. கல்யாணமான மூன்று மாதத்தில் கணவரை இழந்தவர் அந்தப் பெண். புகுந்த வீட்டார் வெளியே அனுப்பிவிட்டார்கள். பிறந்த வீட்டில் இருந்து படித்து, வேலைக்குப் போய், பணம் சேர்த்தார். உயில் எழுதாமல் 1996இல் இறந்துபோனார். அவருடைய அம்மா கோர்ட்டுக்குப் போனார். சொத்து கணவருடைய அக்காள் தங்கை பிள்ளைகளுக்கு என்றுதான் தீர்ப்பானது. சட்டத்தில் இருப்பதைத்தான் நீதிபதிகள் சொல்ல முடியும்.

எங்கள் வீட்டிலும் ஒன்று நடந்தது. என் அத்தை நர்ஸாக இருந்தவர். கடைசிக் காலத்தில் தன்னைப் பார்த்துக்கொண்ட தம்பி மகளுக்குத்தான் வீடு என்று கோடு போட்ட நோட்டில் அழகாக எழுதி, கையெழுத்துப் போட்டு, தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருந்தார். சாட்சிக் கையெழுத்து ஒன்றுகூட இல்லை. இரண்டு பேர் சாட்சி போட்டிருந்தால் அது உயில். போடாததால் அது வெறும் காகிதமாகிவிட்டது. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது, மஞ்சள் கறை போகவில்லை.

நாமினி விஷயமும் இப்படித்தான். டெபாசிட் பணத்தை பேங்க் உங்கள் தங்கை கையில் கொடுக்கும். ஆனால் சட்டப்படி வாரிசுகள் வந்து கேட்டால் அவர் கொடுத்தாக வேண்டும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஸ்டாம்ப் பேப்பர் தேவையில்லை, வெள்ளைத் தாளே போதும். வீட்டின் கதவு எண், சர்வே எண், பத்திர எண்ணெல்லாம் தெளிவாக இருக்கட்டும். வீடு தங்கைக்கு, அம்மா இருக்கும்வரை அவர் அங்கே குடியிருக்கும் உரிமை என்று எழுதலாம். தங்கை உங்களுக்கு முன்னால் போய்விட்டால் யாருக்கு என்பதையும் எழுதிவிடுங்கள். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் பலர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். பிரித்து எழுதாத மற்றதெல்லாம் யாருக்கு என்று கடைசியில் ஒரு வரி. நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்க்கும் இரண்டு சாட்சிகள், உங்கள் எதிரிலேயே கையெழுத்துப் போட வேண்டும். சொத்தில் பங்கில்லாதவர்களாகவும், உங்களைவிட வயதில் சிறியவர்களாகவும் இருந்தால் நல்லது. பதிவு கட்டாயமில்லை. இருந்தாலும் சார்பதிவாளர் ஆபீஸில் பதிந்துவிடுங்கள். வரிகளை ஒரு வக்கீலிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

யாராவது "உயில் எதற்கு, இப்போதே செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்றால் அவசரப்படாதீர்கள். செட்டில்மென்ட் எழுதினால் வீடு இன்றே கைமாறிவிடும். உயிலை நீங்கள் இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்.

அப்புறம், அம்மா. விளக்கு வைக்கிற நேரத்தில் வேண்டாம், காலையில் காபி குடிக்கும்போது என் அத்தையின் கதையைச் சொல்லுங்கள். அந்த வீட்டில் சின்ன மகள் தனியாக நிற்கக்கூடாது என்று உங்களைவிட அதிகமாகக் கவலைப்படுகிறவர் அவராகத்தான் இருப்பார்.

பதிவு முடிந்ததும் இரண்டு வரி எழுதிப் போடுங்கள், காத்திருப்பேன்.