எட்டு முகம்

அன்புள்ள ஐயா,

என் நாத்தனார் மகனுக்கு ஆறு வயது. தலசீமியா. கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து மாதாமாதம் ரத்தம் ஏற்றித்தான் வளர்ந்தான். அவன் அக்காவின் எலும்பு மஜ்ஜை பொருந்தியதால் மாற்று சிகிச்சை நடந்து இன்றோடு பதினாறு நாள். ரத்த அணுக்களின் கவுண்ட் இன்னும் ஏறவில்லை.

திருச்செந்தூர் போய் பன்னீர் இலை விபூதி வாங்கி, இரவெல்லாம் பஸ்ஸில் வந்து, காலையில் வார்டு வாசலில் நின்றேன். தரை துடைக்கும் ஒரு பெண் கையைக் குறுக்கே நீட்டி மறித்து, "அதெல்லாம் உள்ள போகாதும்மா, முதல்ல தள்ளி நில்லுங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். டாக்டர்கள் தெய்வம் போல இருக்கிறார்கள். ஆனால் இந்தக் கீழ்மட்ட ஆட்களுக்கு மனிதாபிமானம் என்பதே இல்லையா? ஒரு குழந்தைக்கு ஏன் இவ்வளவு துன்பம் என்றும் நினைத்து நினைத்து அழுகிறேன்.

கேட்க வந்தது வேறு. அவன் தனியறையில் படுத்திருக்கிறான். படித்துக் காட்ட என்ன புத்தகம் வாங்கலாம்?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலைதான் என் அக்கா மகள் ஃபோனில் கூப்பிட்டிருந்தாள். கல்லூரி விண்ணப்பத்தில் ரத்தப் பிரிவு கேட்கிறார்களாம். "மாமா, பொறந்தப்ப இருந்ததைப் போடவா, இப்ப இருக்கறதைப் போடவா?" பிறந்தபோது அவள் ஓ பாசிட்டிவ். இப்போது பி பாசிட்டிவ். அது தம்பியின் பிரிவு. ஒன்பது வருஷம் முன்னால், அவளுக்கு எட்டு வயதில், ரத்தத்தை உண்டாக்கும் அவனுடைய மஜ்ஜை அவளுக்குள் போய்க் குடியேறியது. அன்று முழுக்க எனக்கு அந்த வார்டு நினைவாகவே இருந்தது. சாயங்காலம் உங்கள் கடிதத்தைத் திறந்தேன்.

குழந்தைக்கு ஏன் துன்பம் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, விடுங்கள். டாக்டர்கள் தெய்வம் என்பதையும் விட்டுவிடலாம். அவர்கள் படித்தவர்கள், கெட்டிக்காரர்கள், அது போதும். நான் நிற்கப்போவது அந்த வாசலில்தான்.

உங்கள் மேல் எனக்குக் கோபம். இரவெல்லாம் பஸ்ஸில் வந்த உங்கள் அன்பின் மேல் அல்ல. "கீழ்மட்ட ஆட்கள்" என்று எழுதிய கையின் மேல்.

உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அவனுடைய பழைய மஜ்ஜையைக் கீமோ கொடுத்து மொத்தமாக அழித்துவிட்டார்கள். பிறகு அக்காவின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்ததை ஒரு பையில் கொண்டுவந்து, சாதாரணமாக ரத்தம் ஏற்றுவது போலவே மாட்டியிருப்பார்கள். எங்கள் வீட்டில் ஐந்து வயதுத் தம்பி அப்போது கேட்டான், "என் ரத்தத்துக்கு அக்காவுக்குள்ள வழி தெரியுமா?" தெரியும். அந்த அணுக்கள் ரத்தத்தோடு சுற்றி, தாமாகவே எலும்பைத் தேடிப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் முளைத்து வர இரண்டு வாரம் ஆகும், மூன்று ஆகும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். பதினாறாம் நாள் கவுண்ட் வரவில்லை என்று பயப்படாதீர்கள். நியூட்ரோஃபில் என்ற, கிருமியை எதிர்க்கும் வெள்ளணு மூன்று நாள் தொடர்ந்து 500க்கு மேல் நின்றால்தான் வார்டில் மூச்சு விடுவார்கள். அதுவரைக்கும் அந்தப் பையனுக்குக் காவல் என்று உடம்புக்குள் ஒன்றுமே கிடையாது. பூவிலும் மண்ணிலும் இலையிலும் தூசியிலும் இருக்கிற பூஞ்சை நமக்கு ஒன்றும் செய்யாது. அவன் நுரையீரலில் போய் உட்கார்ந்தால் ஆளையே கொன்றுவிடும். அதற்காகத்தான் அந்த அறைக்கு வடிகட்டிய காற்று. நீங்கள் கொண்டுபோனது ஒரு பச்சிலை நிறையப் பொடி. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கும் ஆறு முகத்தையும் துடைத்துத்தானே அபிஷேகம் செய்கிறார்கள்.

நானும் உங்களைப் போல ஒருநாள் கத்தியிருக்கிறேன். என் அக்காவுக்குச் சளி பிடித்துவிட்டது, சளியோடு உள்ளே விட மாட்டார்கள். தாய்மாமன் என்று நான் மூன்று இரவு போய் இருந்தேன். மாற்றுக்கு முந்தைய வாரம். தயோடெப்பா என்று ஒரு மருந்து கொடுத்திருந்தார்கள். அது வியர்வையோடு தோலுக்கு வந்துவிடும். கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் டேப் ஒட்டிய இடத்திலும் தங்கினால் தோல் வெந்துபோகும். அதனால் ஆறு மணிக்கொரு தரம் குளிப்பாட்ட வேண்டும், படுக்கை விரிப்பை மாற்ற வேண்டும். இது எதுவும் எனக்குத் தெரியாது. நடுராத்திரி பன்னிரண்டு மணிக்கு நாகர்கோவில் பேச்சுள்ள ஒரு சிஸ்டர் வந்து, அப்போதுதான் கண்ணயர்ந்த பிள்ளையை எழுப்பினார். "தூங்குற குழந்தையை எழுப்புறீங்களே, நீங்கல்லாம் மனுஷங்கதானா?" என்று கேட்டுவிட்டேன். பார்த்தீர்களா, உங்கள் மனிதாபிமானம்தான். அவர் திரும்பக்கூட இல்லை. "தூங்கவிட்டா காலைல தோலு உரியும் சார். அந்தத் துண்டை எடுத்துக்கிட்டு வெளியே நில்லுங்க."

குளியலறைக்கு வெளியே நின்றேன். உள்ளே பிள்ளை அலறுகிறாள். மருந்து ஏற்ற நெஞ்சில் போட்ட குழாய் நனையாமல் பிளாஸ்டிக் சுற்றிக் குளிப்பாட்டுவது லேசான வேலை இல்லை. சிஸ்டர் சொல்கிறார், "என்னைத் திட்டிக்கிட்டே குளி. ஒரு கப்புத் தண்ணிக்கு ஒரு திட்டு. நேத்து சொன்னதைச் சொல்லப்பிடாது." பேயே. ஒரு கப். பூதமே. ஒரு கப். கருவாட்டு மண்டை. "ஆங், இது புதுசு." ஏழாவது கப்பில் அழுகை நின்று, திட்டைத் தேடுகிற யோசனை வந்துவிட்டது. மறுபடி காலை ஆறு மணிக்கு அதே சிஸ்டர், அதே கப். "யோசிச்சு வச்சியா?"

பகலில் ஒரு அக்கா துடைக்க வருவார். ஒப்பந்தக் கம்பெனி ஆள், அந்தக் கம்பெனியின் பெயர் தைத்த நீலச் சட்டை. கையிலிருக்கும் துணியை இரண்டாக மடித்து, நாலாக மடித்துப் பிடிப்பார். கட்டில் கம்பியைத் துடைத்ததும் அடுத்த மடிப்பைத் திருப்புவார். டிவி ரிமோட்டுக்கு ஒரு மடிப்பு. கதவுக் கைப்பிடிக்கு ஒன்று. நாலு மடிப்பு முடிந்தால் உள்புறம் வெளியே வரும்படி மாற்றி மடித்து இன்னும் நாலு. எட்டும் முடிந்ததும் அந்தத் துணி போய்விடும், புதுத் துணி வரும். எதற்கு என்று கேட்டேன். "முகம் மாத்தி முகம் துடைக்கணும் சார். ஒரே முகத்துல துடைச்சா, இங்க இருக்கற அழுக்கை எடுத்துட்டுப் போயி அங்க வைக்கறதுதான்." எனக்கு அன்று ஐம்பத்திரண்டு வயது. துடைப்பது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

டொனால் தாமஸ் என்ற அமெரிக்க டாக்டர் 1957இல் ஆறு நோயாளிகளுக்கு மஜ்ஜை ஏற்றியதைப் பற்றி எழுதினார். ஒருவரும் பிழைக்கவில்லை. கூட இருந்த பலர் இது ஆகாத வேலை என்று கைவிட்டார்கள். அவரும் ஆய்வகத்தில் கூடவே உழைத்த அவர் மனைவி டாட்டியும் விடவில்லை. 1990இல் அவருக்கு நோபல் வந்தது. நம் நாட்டில் இந்தச் சிகிச்சையை 1983இல் மும்பை டாடா மருத்துவமனையிலும், 1986இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலும் தொடங்கினார்கள். எல்லாம் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அத்தனை பெரிய விஷயமும் கடைசியில் ஒரு கட்டில் கம்பியில் வந்து நிற்கிறது. அந்தக் கம்பியை ஒழுங்காகத் துடைக்காவிட்டால் அந்த நோபல் அந்தக் குழந்தைக்குப் பிரயோஜனமில்லை. இதை நான் பத்துக் கூட்டத்தில் பேசியிருக்கிறேன். கைதட்டுவார்கள். பிறகு வரவேற்பில் மறுபடியும் டாக்டருக்குத்தான் பொன்னாடை.

உங்களை மறித்த பெண்ணைப் பற்றித்தான் இவ்வளவும். அவர் கையை நீட்டியது நீங்கள் அந்தப் பொடியோடு உள்ளே எதையும் தொட்டுவிடக் கூடாது என்றுதான். எல்லோர் முன்னாலும் சொன்னது வலித்திருக்கும், புரிகிறது. இரவு முழுக்கப் பயணம், சாப்பாடு இருக்காது, கையில் சாமி பிரசாதம். நானாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். ஆனாலும் கேட்கிறேன். அதையே ஒரு டாக்டர் ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் எனக்குக் கடிதம் எழுதியிருப்பீர்களா?

மஜ்ஜை கொடுத்த அந்தப் பெண்ணை இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள்? எங்கள் வீட்டுப் பயல் இரண்டு நாளில் ஓட ஆரம்பித்துவிட்டான். ஆனால் அக்காவுக்கு ஒருநாள் காய்ச்சல் அடித்தபோது, தன் ரத்தம் கெட்ட ரத்தமோ என்று மூலையில் போய் உட்கார்ந்துகொண்டான். அது எங்களுக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. விபூதியை அந்தப் பெண்ணுக்குப் பூசிவிடுங்கள். நாலு நாள் கூட இருங்கள்.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். வாய்ப்புண் இருக்கும்போது அவனுக்குப் பேசவே பிடிக்காது, படம் பெரிதாக உள்ளதாகப் பாருங்கள். யானை இருந்தால் நல்லது. பழைய புத்தகம் வேண்டாம். கடையில் வாங்கும்போது வழவழப்பான கெட்டி அட்டையா, பக்கங்களையும் துடைக்க முடியுமா என்று பார்த்து வாங்கி, நேரே உங்களை மறித்த அந்தப் பெண்ணிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். எது உள்ளே போகும் என்று அவருக்குத் தெரியும். பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வார்டு நீலச் சட்டைக்காரரின் பெயரை நான் அன்று கேட்கவில்லை.